சிலாஜித் உட்கொள்ள நினைக்கும் ஆண்களுக்கு: இரத்தப் பரிசோதனையிலிருந்து தொண்ணூறாம் நாள் வரை

கோடை வெயிலில் இமயமலைப் பாறைகள் சூடேறும்போது அவற்றின் வெடிப்புகளிலிருந்து கசிந்து வரும் கரும்பழுப்புப் பிசினைச் சிலாஜித் என்கிறோம். சோர்வு நீங்கவும் ஆண்மைக்குரிய ஹார்மோன் பெருகவும் இதை உட்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் இன்று மிகுதி. அவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி ‘எந்த நிறுவனத்தின் டப்பியை வாங்கலாம்?’ என்பதாகவே இருக்கிறது. இந்த வழிகாட்டியின் வரிசையில் அந்தக் கேள்விக்கு நான்காவது இடம்தான். அதற்கு முன் செய்ய வேண்டிய மூன்று வேலைகளைச் செய்து முடித்தால், சிலருக்கு டப்பி வாங்க வேண்டிய தேவையே இல்லாமலும் போகலாம்.

பெயரில் இருக்கும் சிக்கல்

தமிழில் இதற்குச் சிலாசத்து, கன்மதம் என்ற பெயர்கள் உண்டு. கல்லிலிருந்து ஒழுகும் மதம் ஆதலால் கன்மதம். யானையின் கன்னத்தில் ஒழுகும் மதநீரை நினைத்து வைத்த பெயர். ஆனால் நாட்டு மருந்துக் கடைக்குச் சென்று ‘சிலாசத்து’ என்று மட்டும் கேட்டால் கைக்கு வருவது வேறு பொருளாக இருக்கக்கூடும். கோமூத்திர சிலாசத்து, கற்பூர சிலாசத்து என இரு வகைகளை, கனிம மருந்துகளைப் பேசும் பழைய ரச நூல்கள் சொல்கின்றன. பசுவின் சிறுநீர் மணம் கொண்ட கரும்பிசினாகிய முதல் வகையைப் பற்றியே இங்கே பேசுகிறோம். தமிழகச் சித்த மருத்துவத்தில் சிறுநீர்க் கோளாறுகளுக்கு வழங்கப்படும் சிலாசத்து பற்பம் பெரும்பாலும் கற்பூர சிலாசத்தாகிய வெண்ணிறக் கனிமத்திலிருந்து செய்யப்படுவது. இரண்டும் நல்ல மருந்துகளே என்றாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல. கடைக்காரரிடம் ‘கறுப்புப் பிசின், சுத்தி செய்தது’ என்று விளக்கிக் கேட்பது நல்லது.

நம்மில் பலர் இதைத் தெரியாமலே உட்கொண்டும் இருப்போம். நீர்க்கடுப்புக்கும் பிரமேகத்துக்கும் ஆயுர்வேத மருத்துவர்கள் எழுதித் தரும் சந்திரபிரபா வடியில் குங்கிலிய இனமான குக்குலுவோடு சேர்ந்து முதன்மைச் சரக்காக நிற்பது சிலாஜித்தான்.

பழைய நூல்கள் சொல்வதும் இன்றைய ஆய்வுகள் சொல்வதும்

சரக சம்ஹிதையின் சிகிச்சா ஸ்தானம் இதை ரசாயனங்களில், அதாவது உடலுக்கு வன்மை தரும் மருந்துகளில், ஒன்றாக வைத்து, பொன், வெள்ளி, செம்பு, கரும்பொன் எனப்படும் இரும்பு ஆகிய நான்கு உலோகங்களின் தாதுவிலிருந்து பிறப்பதாகப் பிரித்து, இரும்பிலிருந்து வருவதையே உயர்ந்தது என்கிறது. உரிய காலத்தில் உரிய முறையில் கொடுத்தால் சிலாஜித்தால் தீராத, தீரக்கூடிய நோய் எதுவும் இல்லை என்ற புகழ்பெற்ற வாக்கியமும் அங்கேதான் வருகிறது. விளம்பரதாரர்கள் இதில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘உரிய காலம், உரிய முறை, தீரக்கூடிய நோய்’ என்ற மூன்று வேலிகளையும் பிடுங்கிவிடுகிறார்கள். சுசுருதர் ஈயத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்து ஆறு வகையாக்கி, முக்கியமாக நீரிழிவைச் சார்ந்த பகுதியில் இதைப் பேசுகிறார். இரு நூல்களிலும் இது ஒட்டுமொத்த உடல் வன்மைக்கான மருந்தே. படுக்கையறைக்கென்று ஒதுக்கிய சரக்கு அல்ல.

வேதியியல் நோக்கில் இது தாவரங்கள் பாறை இடுக்குகளில் நீண்ட காலம் மக்கி, கனிமங்களோடு கலந்து உருவான பொருள். இதில் பெரும்பங்கு ஹியூமிக் வகைப் பொருள்கள். அவற்றுள் பல்விக் அமிலமும் டைபென்சோ ஆல்பா பைரோன்கள் என்ற சேர்மங்களும்தான் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றவை. இமயத்தில் மட்டுமன்றி காரகோரம், அல்தாய், காகசஸ் மலைகளிலும் இது கிடைக்கிறது. மத்திய ஆசியாவில் இதன் பெயர் முமியோ.

ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோன் பற்றிய இரு ஆய்வுகளே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படுகின்றன. 2010-இல் வெளியான முதல் ஆய்வில், விந்தணு எண்ணிக்கை குறைந்த ஆண்களுக்குச் சுத்தி செய்த சிலாஜித் 100 மி.கி. வீதம் நாளுக்கு இருவேளை 90 நாள்கள் கொடுக்கப்பட்டது. முழுமையாக முடித்த 28 பேரிடம் விந்தணு எண்ணிக்கை ஏறக்குறைய 61 விழுக்காடும் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய 23 விழுக்காடும் உயர்ந்தன. இதில் வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த குழு இல்லை என்பது பெரிய குறை. 2016-இல் வெளியான இரண்டாவது ஆய்வு அந்தக் குறையை நீக்கியது. 45 முதல் 55 வயதுக்குட்பட்ட நலமான ஆண்களுக்கு 250 மி.கி. வீதம் இருவேளை 90 நாள்கள் கொடுத்தபோது, மொத்த டெஸ்டோஸ்டிரோன் சுமார் 20 விழுக்காடு உயர்ந்தது. இவற்றோடு 2019-இல் 63 ஆண்களிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில், நாளுக்கு 500 மி.கி. எடுத்தவர்களின் தசை வலிமை கடும் பயிற்சிக்குப் பிறகு குறைவாகவே சரிந்தது.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? ஒருவரின் டெஸ்டோஸ்டிரோன் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 350 நானோகிராமாக இருந்து 20 விழுக்காடு உயர்ந்தால் 420 ஆகும். இரண்டுமே இயல்பு எல்லைக்குள் இருப்பவை; ஒரே மனிதருக்குக் காலைக்கும் மாலைக்கும் இடையே, ஒரு வாரத்துக்கும் மறுவாரத்துக்கும் இடையே வரக்கூடிய ஏற்றத்தாழ்வும் ஏறத்தாழ இந்த அளவுக்கு இருக்கலாம். ஆய்வுகள் சிறியவை என்பதையும், பயன்படுத்தப்பட்டவை தரப்படுத்திய சாறுகளே அன்றிச் சந்தையில் கிடைக்கும் எந்தப் பிசினும் அல்ல என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘ஓரளவு உதவக்கூடும்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்ட எனக்கு மனம் வரவில்லை.

முதல் படி: சோர்வு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது

நாற்பதைத் தொட்ட ஆண் ஒருவர் ‘முன்போல் தெம்பு இல்லை’ என்று சொல்லும்போது, ஹார்மோன் குறைவு பல காரணங்களில் ஒன்று மட்டுமே. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்த சோகை, பி12 மற்றும் டி வைட்டமின் குறைபாடு, குறட்டையோடு கூடிய தூக்க மூச்சுத் தடை, மனச்சோர்வு ஆகியவை இதே முகத்தோடு வருபவை. சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கு பி12 குறைபாடு மிக இயல்பு. நீண்ட காலமாக மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் அப்படியே. பி12 குறைந்து கால் மரத்துப்போகும் ஒருவர் ஆறு மாதம் சிலாஜித்தை நக்கிக்கொண்டிருந்தால் பணமும் போகும், நரம்பும் போகும்.

ஆகவே முதலில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து முழு இரத்த எண்ணிக்கை, வெறும் வயிற்றுச் சர்க்கரை மற்றும் மூன்று மாதச் சராசரி, தைராய்டு, பி12, வைட்டமின் டி, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு, யூரிக் அமிலம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மொத்த டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்கு மட்டும் தனி ஒழுங்கு உண்டு. இந்த ஹார்மோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும் என்பதால் காலை 7 மணி முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். இரவுப் பணி முடித்து வந்த நாளிலோ காய்ச்சல் கண்ட வாரத்திலோ கொடுக்கக் கூடாது. முதல் முடிவு குறைவாக வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடியும் பார்த்த பிறகே குறைவு என்று முடிவு செய்வார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்பதை அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர்கள் எல்லைக்கோடாகக் கொள்கிறார்கள்.

இரு முறையும் அதற்குக் கீழே வந்தால், அது சிலாஜித்தால் தீர்த்துக்கொள்ள வேண்டிய நிலை அல்ல. பிட்யூட்டரியிலோ விரைகளிலோ கோளாறு இருக்கிறதா என்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் பார்க்க வேண்டும். அங்கே ஒரு கவனம்: குழந்தைப்பேற்றை எதிர்பார்க்கும் ஆண் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் விந்தணு உற்பத்தியே நின்றுபோகக்கூடும் என்பதால், அந்த எண்ணம் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: நமக்கு ஒத்துவருமா

இரத்தத்தில் இரும்பு மிகும் நோய் உள்ளவர்களும், தலசீமியாவுக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர்களும் சிலாஜித்தைத் தவிர்க்க வேண்டும். இதில் இரும்பு உண்டு. கால் கட்டைவிரல் கணு வீங்கும் கவுட் வாதம் உள்ளவர்களும், யூரிக் அமிலம் கூடியவர்களும், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களும் மருத்துவர் ஒப்புதல் இன்றித் தொடக் கூடாது. புராஸ்டேட் புற்றுநோய் கண்டவர்கள் ஹார்மோனைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் எதையும் எடுக்கலாகாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை எதிர்பாராமல் தாழக்கூடும். ஆகவே முதல் இரு வாரங்கள் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்; இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் விட வேண்டும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அந்த மாத்திரை உடலில் சேர்வதைத் தடுக்கும். கருவுற்ற பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் கொடுக்க வேண்டாம்.

மூன்றாம் படி: சுத்தி என்பதைப் புரிந்துகொள்வது

பாறையிலிருந்து பெயர்த்தெடுத்த சரக்கில் மண், கல்துகள், பூச்சி எச்சம், பூஞ்சை, சில இடங்களில் ஈயமும் ஆர்செனிக்கும் கலந்திருக்கும். இதை அப்படியே உண்பது வீரம் அல்ல, அறியாமை. மரபு முறையில் சரக்கை இடித்து, கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலைக் கசாயத்தில் வெதுவெதுப்பாக ஊற வைப்பார்கள். கசடு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் துணியில் வடித்து, அகன்ற தட்டில் ஊற்றி வெயிலில் வைப்பார்கள். சில மணி நேரத்தில் பாலில் ஆடை படர்வதைப் போல மேலே கரிய, பளபளப்பான ஏடு ஒன்று கட்டும். அதை மெல்ல வழித்துத் தனியே சேர்த்து, மிச்ச நீரை மறுபடியும் வெயிலில் வைத்து, ஏடு கட்டுவது நிற்கும்வரை எடுப்பார்கள். இப்படி வெயிலில் ஆனது சூரியதாபி. அடுப்பில் காய்ச்சிச் சுண்டவைத்தது அக்கினிதாபி. விரைவாக முடியும், ஆனால் பக்குவம் தவறினால் அடிப்பிடித்துப் போகும்.

இதில் ஒன்றை மறக்க வேண்டாம். வடிகட்டல் மண்ணையும் கல்லையும் நீக்கும். நீரில் கரைந்துவிட்ட ஈயத்தை நீக்குமா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். ‘நாங்கள் திரிபலையில் மூன்று முறை சுத்தி செய்தோம்’ என்பது ஆய்வறிக்கைக்கு ஈடாகாது.

நான்காம் படி: வாங்குவது

இந்தியாவில் ஆயுர்வேத மருந்தாக விற்கப்படும் சிலாஜித்துக்கு 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் மாநில அரசு வழங்கும் உற்பத்தி உரிமம் வேண்டும். டப்பியில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், தயாரிப்பாளரின் முழு முகவரி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘சந்தைப்படுத்துபவர்’ முகவரி மட்டும் பெரிதாகவும் தயாரிப்பாளர் பெயர் கண்ணுக்குத் தெரியாத எழுத்திலும் இருந்தால் நிதானியுங்கள்.

பிறகு அந்தத் தொகுதி எண்ணுக்கு உரிய ஆய்வறிக்கையைக் கேளுங்கள். ஈயம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), ஆர்செனிக் 3 பி.பி.எம்., பாதரசம் 1 பி.பி.எம்., காட்மியம் 0.3 பி.பி.எம். என்பவை ஆயுஷ் மருந்துகளுக்குச் சொல்லப்படும் உச்ச எல்லைகள். அறிக்கையில் இந்நான்கும் எண்ணாகத் தரப்பட்டிருக்க வேண்டும். ‘தேர்ச்சி’ என்ற ஒற்றைச் சொல் போதாது. அறிக்கையின் தொகுதி எண்ணும் உங்கள் டப்பியின் தொகுதி எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு முறை நான் கேட்டபோது எனக்கு அனுப்பப்பட்டது இரண்டு ஆண்டுக்கு முந்தைய, வேறு தொகுதியின் அறிக்கை. சுட்டிக்காட்டியதும் பதில் நின்றுவிட்டது. நானும் வாங்குவதை நிறுத்தினேன். இந்தக் கெடுபிடி மிகையல்ல: 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களைப் பரிசோதித்தபோது 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன.

இன்னொரு சல்லடை, விளம்பரமே. பாலியல் இன்பத்துக்கான திறனைப் பெருக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய மருந்துகள் சட்டம் தடை செய்கிறது. அந்தத் தடையைப் பொருட்படுத்தாமல் கூவி விற்கும் ஒருவர், கண்ணுக்குத் தெரியாத ஈயத்தின் அளவைப் பற்றி மட்டும் நேர்மையாக இருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

வடிவத்தைப் பொறுத்தவரை பிசின், பொடி, மாத்திரை, குளிகை (கேப்சூல்) எதுவும் எடுக்கலாம். பிசின்தான் அசல் என்பது விற்பனைப் பேச்சு. மேலே சொன்ன ஆய்வுகளில் கொடுத்தது பிசின் அல்ல. அளவு மாறாமல் எடுக்க வேண்டியவர்களுக்குக் குளிகையே எளிது.

ஐந்தாம் படி: வீட்டில் பார்க்கக்கூடியவை

பழைய நூல்கள் சொல்லும் சோதனைகள் கலப்படத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை எடுத்து, துரும்பின் நுனியில் சிறிது பிசினைத் தொட்டு நீர்ப்பரப்பில் வையுங்கள். நல்ல சரக்கு நூல் நூலாகப் பிரிந்து, செம்பொன் நிறத்தில் வளைந்து வளைந்து அடிக்கு இறங்கும். நெருப்புத் துண்டத்தில் இட்டால் புகையாமல் மேலெழும்பிப் பொங்கும். தாரோ நிலக்கீலோ கலந்திருந்தால் புகையும் நாற்றமும் வரும். விரலில் வைத்துப் பிசைந்தால் உடல் வெப்பத்தில் இளகி ஒட்டும். சென்னையின் மே மாதத்தில் டப்பியைச் சாய்த்தால் தேன்போல் நகரும் அதே பிசின், குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் இருந்தால் கடலை மிட்டாய்ப் பாகு போல உடையும். மணம் கோமூத்திரத்தை நினைவூட்டும். இனிப்பு மணம் தூக்கலாக இருந்தால் கருப்பட்டியோ வெல்லப்பாகோ கலந்திருக்கிறது என்று ஐயப்படலாம்.

இத்தனை சோதனைகளிலும் தேறிய பிசினில்கூட ஈயம் இருக்கலாம். ஈயத்துக்கு மணமும் இல்லை, நூலும் இல்லை. ஆகவே இவை ஆய்வறிக்கைக்குப் பிறகு செய்யும் சோதனைகளே அன்றி அதற்குப் பதிலானவை அல்ல.

ஆறாம் படி: அளவும் அனுபானமும்

சரகர் சொல்லும் அளவைக் கேட்டால் இன்று மயக்கம் வரும். ஒரு பலம் உயர்ந்த அளவு, அரைப் பலம் நடுத்தரம், ஒரு கர்ஷம் குறைந்த அளவு என்கிறார். இன்றைய கணக்கில் ஒரு கர்ஷம் சுமார் 12 கிராம். ஏழு வாரம், மூன்று வாரம், ஒரு வாரம் எனக் காலத்தையும் வகுக்கிறார். மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில், உணவை ஒடுக்கி மேற்கொண்ட ரசாயன சிகிச்சைக்கு உரிய அளவு அது. வீட்டில் பின்பற்றத் தக்கது அல்ல. மேலே சொன்ன ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட அளவு நாளுக்கு 200 முதல் 500 மி.கி. வரைதான்.

முதல் வாரம் 250 மி.கி. மட்டும், காலை உணவுக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள். பிசின் என்றால் அது ஏறக்குறைய ஒரு காய்ந்த பட்டாணி அளவு. கண்ணளவை நம்பாமல் முதல் முறையேனும் நகை எடை பார்க்கும் சிறு தராசில் நிறுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. வயிற்றுப் புரட்டல், தலைச்சுற்றல், தோல் தடிப்பு எதுவும் இல்லையெனில் இரவு உணவுக்குப் பின் இன்னொரு 250 மி.கி. சேர்க்கலாம். உறக்கம் கெடுவதாக உணர்ந்தால் இரண்டாவது வேளையை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மரபில் சொல்லும் அனுபானம், அதாவது மருந்தைச் சேர்த்துக் குடிக்கும் துணைப்பொருள், பால். கொதிக்கும் பாலில் போடாமல், குடிக்கும் சூட்டுக்கு ஆறிய அரை டம்ளர் பாலிலோ வெந்நீரிலோ கரைத்துக் குடிக்கலாம். கசப்பும் புகைச்சுவையும் கலந்து நாக்கில் நிற்கும். தேன் சேர்த்தால் பொறுக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

கூடவே ஒரு பத்தியம் உண்டு. சிலாஜித் எடுப்பவர் கொள்ளைத் தவிர்க்க வேண்டும் என்கிறார் சரகர். காரணத்தையும் சொல்கிறார்: கொள்ளு கல்லை உடைக்கும் இயல்பு உடையது, சிலாஜித்தோ கல்லின் சாரம், ஆகவே ஒன்றுக்கு ஒன்று பகை. ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொல்லிச் சொல்லிக் கொள்ளு ரசமும் கொள்ளுப் பருப்பும் வாரம் தவறாமல் வைக்கும் கொங்கு நாட்டு வீடுகளில் இந்தத் தடை சற்று வலிக்கும். இதற்கு ஆய்வகச் சான்று உண்டா என்று கேட்டால் நூலின் தருக்கம்தான் சான்று. ஆயினும் மருந்தை நூலின் பேரில் உண்பவர் பத்தியத்தை மட்டும் உதறுவது முறையாகாது. மூன்று மாதம் கொள்ளில்லாமல் இருந்துவிடலாம். மிளகு ரசம் இருக்கிறது.

அதே 90 நாள்களில் ஏழு மணி நேர உறக்கமும், வாரத்தில் மூன்று நாளாவது எடை தூக்கும் பயிற்சியும், வயிற்றுச் சுற்றளவைக் குறைக்கும் உணவும் இல்லாமல் போனால் இந்தப் பட்டாணி அளவுப் பிசினால் எதையும் தூக்கி நிறுத்த முடியாது. தொப்பைக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் நொதியைக் கொண்டது. உடல் எடை குறைந்தாலே பலருக்கு ஹார்மோன் ஏறுகிறது.

ஏழாம் படி: தொண்ணூறாம் நாள்

ஆய்வுகள் 90 நாள் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு விந்தணு உருவாகி முதிர்வதற்கே சுமார் 74 நாள்கள் ஆகும் என்பதால், ஒரு மாதத்தில் விந்துப் பரிசோதனை செய்து ஏமாறுவதில் பயனில்லை. மருந்து தொடங்கும் நாளன்று ஒரு நாட்குறிப்பில் எழும் நேரம், பகல் தூக்கம், நடை தூரம், மனநிலை, தாம்பத்திய விருப்பம் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதத் தொடங்குங்கள். இடையில் மூட்டு வீக்கமோ, சிறுநீர் குறைவதோ, மஞ்சள் காமாலையின் அறிகுறியோ, காரணமற்ற வயிற்று வலியோ தோன்றினால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் டப்பியோடு செல்லுங்கள். மாநில, தேசிய அளவில் போட்டியிடும் விளையாட்டு வீரர்கள் அணி மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது; சந்தையில் சில ‘மூலிகை’ டப்பிகளில் தடை செய்யப்பட்ட மருந்துகளே கலந்திருந்தது உண்டு.

தொண்ணூறாம் நாள் காலையில், முன்பு கொடுத்த அதே ஆய்வகத்தில், அதே நேரத்தில், வெறும் வயிற்றில் மறுபடியும் இரத்தம் கொடுங்கள். டெஸ்டோஸ்டிரோனோடு கல்லீரல், சிறுநீரகம், யூரிக் அமிலம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எண்ணும் நாட்குறிப்பும் சேர்ந்து ஏறியிருந்தால் ஒரு மாதம் இடைவெளி விட்டு, அந்த முன்னேற்றம் நிற்கிறதா என்று பார்த்த பிறகு மருத்துவரின் யோசனைப்படி தொடரலாம். எண் ஏறி உடல் அப்படியே இருந்தால் உங்கள் சோர்வுக்குக் காரணம் ஹார்மோன் அல்ல. இரண்டுமே அசையவில்லை என்றால் அடுத்த டப்பிக்கு வைத்திருந்த பணத்தை மருத்துவர் கட்டணமாகக் கொண்டு, இரு அறிக்கைகளையும் நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போய்விடுங்கள்.